யாரிடம் சொல்ல வேண்டும், எதற்காகச் சொல்ல வேண்டும்?

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் அதை முதலாளியிடமும் வீட்டு உரிமையாளரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாதவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று வாதாடி சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. மருத்துவம், சட்டம், மனித நடப்பு மூன்றிலும் அது தவறானது. தவறுகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாத்தூர் சம்பவத்தைப் பற்றி அதில் எழுதியிருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தின் வழியாக எச்.ஐ.வி. தொற்றியது. நோயை மறைத்து ஒருவர் ரத்தம் கொடுத்ததால் வந்த வினை இது என்பது கட்டுரையாளரின் முதல் ஆதாரம். இது அப்பட்டமான பொய். ரத்தம் கொடுத்த இளைஞருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. தனக்குத் தொற்று இருப்பதே அவருக்குத் தெரியாது. 2016இல் அவர் ஒரு முறை ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே பரிசோதனையில் தெரிந்துவிட்டது, ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. 2018இல் சிவகாசியில் மறுபடி கொடுத்தார். பரிசோதிக்க வேண்டியவர்கள் இந்த முறை கோட்டைவிட்டார்கள். பிறகு வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் அவர் செய்த காரியம், தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னது. அதற்குள் ஏற்றிவிட்டார்கள்.

இந்த விவகாரத்தில் யாரும் கேட்காமலே முன்வந்து உண்மையைச் சொன்னவர் அவர். கட்டுரையாளர் எதைச் செய்யச் சொல்கிறாரோ அதை அவர் அப்படியே செய்தார். அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. செய்தி ஊரெல்லாம் பரவிய சில நாட்களில் அவர் தற்கொலைக்கு முயன்றார். டிசம்பர் 30 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. செத்துப்போன அந்தப் பிள்ளைமேல் மறைத்தான் என்ற பழியையும் சுமத்துவது மனசாட்சியுள்ள எழுத்தாளர் செய்யும் வேலை இல்லை.

ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் ஒளிக்க வேண்டும் என்று அடுத்த பத்தியில் கேட்கிறார். வெளியே தெரிந்தவர்களுக்கு இந்த நாட்டில் என்ன நடந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில். 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் டாக்டர் செல்லப்பன் நிர்மலா, காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். அதில் தெரிய வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தொற்று இருந்த பெண்கள் காப்பகத்தில் தண்டனைக் காலம் முடிந்தும் விடுவிக்கப்படாமல் அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றப் படியேறிய பிறகு, 1990இல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் வழக்கமாக ரத்த தானம் செய்துவந்தவர். 1989இல் அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்ததும், அவரிடம் ஒரு வார்த்தை விளக்காமல், போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஒரு பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடத்தில் 64 நாள் தனியாக அடைத்து வைத்தது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் உறவினரின் அறுவை சிகிச்சைக்காக ரத்தம் கொடுத்த வடகிழக்கு மாநில மருத்துவர் ஒருவரின் தொற்று விவரம் வெளியே கசிந்தது. நிச்சயித்த திருமணம் நின்றது, ஊர் ஒதுக்கியது. ரகசியத்தைக் காக்கத் தவறினார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். 1998இல் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்ததோடு நிற்காமல், இப்படிப்பட்டவர்களின் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது என்கிற அளவுக்குப் போனது. திருமணம் பற்றிய அந்தக் கருத்தை நீக்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் பெற்றோரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த ஒரு அக்காவும் தம்பியும் பள்ளிக்கு வரக் கூடாது என்று மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கொடிபிடித்தார்கள். 2003இல் மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அந்தக் குழந்தைகளைக் கட்டியணைத்த படம் நாடு முழுவதும் வந்தது. ஒரு குழந்தை மற்றக் குழந்தைகளோடு உட்கார்ந்து படிக்க மத்திய அமைச்சர் வந்து அணைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

இவர்களில் எவரும் எதையும் மறைத்தவர்கள் இல்லை. தெரிந்தது, அவ்வளவுதான்.

அதெல்லாம் அந்தக் காலம், இப்போது விழிப்புணர்வு வந்துவிட்டது, பாதுகாக்கச் சட்டமும் இருக்கிறது என்கிறார் கட்டுரையாளர். இதற்கு நான் வெளியே போய் ஆதாரம் தேட வேண்டியதில்லை. அவர் கட்டுரையின் நடுப்பகுதியே போதும். தன் தெருவில் கடை வைத்திருந்த ஒரு தையல்காரரைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறார். மருத்துவமனையில் வேலை செய்யும் தன் உறவினர் மூலம் அவருக்குத் தொற்று இருப்பது தெரிந்ததாம். கடைக் கட்டட உரிமையாளரிடம் போய்ச் சொன்னாராம். அந்த மாதமே கடை காலியானதாம். இதைக் குடிமகனின் கடமையாகச் சொல்லிப் பெருமைப்படுகிறார். பெயரை மட்டும் தவிர்த்துவிட்டு ஊர், தெரு, தொழில், பிள்ளை படிக்கும் வகுப்பு வரை எழுதியிருக்கிறார். அந்த ஊர்க்காரர் எவருக்கும் ஆள் யாரென்று புரிந்துவிடும்.

தையல்காரரின் கடை வழியாக எவருக்கு என்ன ஆபத்து வந்திருக்க முடியும்? தொட்டால், சேர்ந்து உட்கார்ந்தால், ஒரே டம்ளரில் காபி குடித்தால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால், கொசு கடித்தால் எச்.ஐ.வி. தொற்றாது. இதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அவர் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்கும் எந்தக் கேடும் வந்திருக்காது. கேடு வந்தது அவருக்கு மட்டும்தான். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, தொற்றைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, சிகிச்சை, குடியிருப்பு, வாடகை என்று எதிலும் ஒருவரைப் பாகுபடுத்தக் கூடாது. நம்பிக்கையின் பேரில் தெரிந்துகொண்ட ஒருவரின் தொற்று விவரத்தை அவருடைய சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. மருத்துவமனையில் வேலை செய்யும் அந்த உறவினர் சட்டத்தை மீறினார். காலி செய்யச் சொன்ன உரிமையாளர் சட்டத்தை மீறினார். இரண்டுக்கும் நடுவே நின்று தூண்டியவர் கட்டுரையாளர். சட்டம் இருக்கிறது, பயப்படாமல் சொல்லுங்கள் என்று எழுதும் அதே கையால் சட்டத்தை உடைத்த கதையை அவரே எழுதியிருக்கிறார். எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவையில்லை.

மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் மறைப்பது அவர்கள் உயிரோடு விளையாடுவது என்று இன்னொரு குற்றச்சாட்டு. நோயாளி தன் மருத்துவரிடம் சொல்வது அவருக்கே நல்லது. மருந்துகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ள அது உதவும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஊழியர்களின் பாதுகாப்பு நோயாளியின் வாக்குமூலத்தை நம்பி இருக்கவே கூடாது என்பது மருத்துவத்தின் அடிப்படை விதி. எல்லாருடைய ரத்தத்தையும் தொற்றுள்ள ரத்தமாகவே பாவித்துக் கையுறை போட வேண்டும், ஊசியைக் கையாள வேண்டும். ஏனென்றால் தனக்குத் தொற்று இருப்பதே தெரியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் எதையும் சொல்ல முடியாது. தப்பித்தவறி ஊசி குத்திவிட்டாலும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். இந்த ஏற்பாடுகள் எல்லாம் இருந்தும், சொன்ன நோயாளிக்கு வார்டில் என்ன நடக்கிறது? கேஸ் ஷீட்டின் மேலே எல்லாரும் பார்க்கும்படி சிவப்பு மையில் எழுதுவார்கள். கட்டில் ஓரத்துக்குப் போகும். அறுவை சிகிச்சைப் பட்டியலில் கடைசி ஆளாக, அதுவும் இன்றைக்கு நேரமில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். ஆயா வந்து, உனக்கு எப்படிம்மா வந்தது என்று பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும் குரலில் விசாரிப்பார். அரவணைப்போடு நடத்தும் மருத்துவர்களும் செவிலியர்களும் நிறைய உண்டு. அவர்களிடம் நோயாளிகள் தாமாகவே சொல்லிவிடுகிறார்கள்.

கொரோனா காலத்தில் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினோமே, அது போலச் செய்தால் என்ன என்றும் கேட்கிறார். கொரோனா மூச்சுக்காற்றில் பரவியது, எச்.ஐ.வி. அப்படிப் பரவுவதில்லை. அந்த ஸ்டிக்கரும் நல்லதைச் செய்யவில்லை. ஒட்டுவார்களே என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்தவர்கள்தான் ஏராளம். வழக்கமாக அப்படி ஒட்ட வேண்டியதில்லை என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கட்டுரையாளர் சுத்தமாகத் தொடாமல் விட்டது மருத்துவ அறிவியலை. தொற்றைத் தடுப்பது எது என்ற கேள்விக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தெளிவான விடை இருக்கிறது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில், தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்தது. சென்னையும் புனேயும் அந்த ஆய்வின் களங்கள். உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011இல் முடிவு வந்தது. அதற்குப் பின் ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு, ஆணுறையின்றி நடந்த பல்லாயிரக்கணக்கான உறவுகளைக் கணக்கெடுத்தது. மருந்தால் வைரஸ் கட்டுப்பட்டிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் மூலம் அது பரவாது. உலக சுகாதார அமைப்பும் இதையே சொல்கிறது. ஆக, ஊரைக் காப்பாற்றுவது தினமும் விழுங்கப்படும் மாத்திரை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட எட்டு மையங்களில் தொடங்கி, இந்த மாத்திரை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

அந்த மாத்திரைக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்பது பயம். தன் ஊர் மருத்துவமனையிலேயே இந்த மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கும்போது இரண்டு பஸ் மாறிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசையில் தெரிந்த முகம் நின்றால் என்ன செய்வது என்ற கவலை. மருந்து வாங்கியதும் பஸ் ஸ்டாண்டிலேயே டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுவார்கள். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் மருமகள் மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றி, குலுங்கும் சத்தம் வெளியே கேட்காமலிருக்க உள்ளே பஞ்சு வைத்து, அரிசிப் பானைக்குள் புதைத்துவைப்பாள். கேட்டால் சத்து மாத்திரை என்பாள். மாமியார் சமையலறையை விட்டு நகராத நாளில் மாத்திரை தவறும். அப்படித் தவறத் தவற வைரஸ் மறுபடி தலைதூக்கும், மருந்துக்கும் அடங்காமல் போகும். ஊரறியச் சொல் என்று மிரட்டுகிறவர்கள் இந்தப் பயத்தை இன்னும் பெரிதாக்குகிறார்கள். அதன் விளைவாகப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் குறைவார்கள், மருந்தை நிறுத்துகிறவர்கள் கூடுவார்கள். கட்டுரையாளரின் யோசனை நடைமுறைக்கு வந்தால் தொற்று பெருகும்.

பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கட்டுரையில் பெண்களே இல்லை. நம் ஊரில் ஒரு வீட்டில் முதலில் பரிசோதிக்கப்படுவது பெரும்பாலும் மனைவிதான். கர்ப்பம் தரித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்ததும் எல்லா ரத்தப் பரிசோதனைகளோடும் எச்.ஐ.வி. பரிசோதனையும் நடக்கும். தாயிடமிருந்து குழந்தைக்குப் போகாமல் தடுக்க இது அவசியம், நல்ல திட்டம். ஆனால் அதனால் வீட்டில் முதலில் தெரிவது அவள் பெயர். கணவன் பரிசோதனைக்கே வந்திருக்க மாட்டான். லாரி ஓட்டியோ வெளியூர் வேலைக்குப் போயோ அவன் கொண்டுவந்தது அவளுக்குத் தொற்றியிருக்கும். இருந்தாலும், நீதானே முதலில் பாசிட்டிவ், நீதான் கொண்டுவந்தாய் என்று மாமியார் வீடு அவளைத்தான் வெளியே தள்ளும். கணவன் இறந்துவிட்டால் சொத்தில் பங்கு கேட்கும் வாயை அடைக்க இதே ஆயுதம் பயன்படும். கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போனால், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும்மா என்று அங்கேயும் தயங்குவார்கள். அண்ணன் மனைவி தனித் தட்டு எடுத்துவைப்பாள்.

நாடாளுமன்றம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. துணைக்குத் தொற்றாமல் நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டியது தொற்றுள்ள ஒவ்வொருவரின் கடமை என்று சொல்லும் சட்டம், தன் தொற்றைத் துணையிடம் சொல்வதால் அடி உதையோ கைவிடப்படுதலோ நேரும் என்று அஞ்ச நியாயமான காரணமுள்ள பெண்ணுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. கட்டுரையாளர் இந்த விலக்கை ஓட்டை என்கிறார். அந்த விலக்கில்தான் பல பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

அவருடைய வாதத்தில் கனமான பகுதி ஒன்றுதான். தொற்றைத் தெரிந்தே மறைத்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளும் மாப்பிள்ளை. இப்படி ஏமாற்றப்பட்ட பெண்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அது கொடிய துரோகம். அந்த ஆணுக்காக நான் ஒரு வரியும் வாதாட மாட்டேன். ஆனால் அதற்குச் சட்டம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. நோயாளிக்கு ஆலோசனை சொல்லியும் அவர் துணையிடம் சொல்லப்போவதில்லை, துணைக்கு ஆபத்து நிஜம் என்று தெரிந்தால், முன்கூட்டி அவரிடம் அறிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம். கவனமின்றியோ கெட்ட எண்ணத்தோடோ நோயைப் பரப்புவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270ஆம் பிரிவுகளிலேயே குற்றம். மனைவிக்குத் தெரிய வேண்டியதை மளிகைக் கடைக்காரருக்கும் சொல் என்பது எந்த நியாயத்தில் சேரும்? படுக்கையைப் பகிர்கிறவருக்கு உள்ள உரிமையைத் தெருவுக்கே தூக்கிக்கொடுக்கிறார் கட்டுரையாளர். அவருடைய மொத்த வாதமும் இந்தக் குழப்பத்தின் மேல்தான் நிற்கிறது.

கல்யாணத்துக்கு முன் கட்டாயச் சான்றிதழ் என்ற யோசனையும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றாது. தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனை நெகட்டிவ் என்றே காட்டக்கூடும். சான்றிதழ் வாங்கிய மறுமாதம் தொற்று வரலாம். பணம் கொடுத்தால் எந்தச் சான்றிதழும் கிடைக்கும் ஊரில் இதுவும் கிடைக்கும். பெண்ணும் பையனும் ஆலோசனை பெற்று, விருப்பத்தோடு ஒன்றாகப் போய்ப் பரிசோதித்துக்கொள்வது நல்ல வழக்கம். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் நான் வலியுறுத்துவேன். கட்டாயப்படுத்தினால் பிடிபடுகிற ஏழைப் பெண்ணின் ரிப்போர்ட் ஊர்ச் சொத்தாகும்.

வெளிப்படையாகச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். தன் கணவரிடமிருந்து தொற்றுக்கு ஆளான பி. கௌசல்யா 1990களிலேயே தன் பெயரோடும் முகத்தோடும் பொது மேடையில் பேசினார். 1998இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பைச் சக பெண்களோடு சேர்ந்து தொடங்கினார். அவரைப் போன்றவர்களின் துணிச்சலுக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. அவர்கள் தாங்கள் தேர்ந்த நேரத்தில், தங்களுக்குத் துணை நின்றவர்களோடு சேர்ந்து சொன்னார்கள். அந்தத் துணிச்சலைக் காட்டி, கிராமத்தில் தனியாக நிற்கும் ஒரு கைம்பெண்ணை நீயும் சொல் என்று நெருக்குவது அநியாயம். அவளை ஊர் ஒதுக்கும் நாளில் கட்டுரையாளர் அவளுக்கு வாடகைக்கு வீடு தருவாரா? தன் வீட்டில் சமையல் வேலை தருவாரா? அவள் பிள்ளைக்குத் தன் பேரனுக்கு அருகில் பள்ளியில் இடம் வாங்கித் தருவாரா? தருவேன் என்று அவர் கட்டுரையில் எங்கேயும் எழுதவில்லை.

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். இந்த இதழைப் படிப்பவர்களிலும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நிலையை ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நீதிமன்றம் உத்தரவிட்டால் தவிர, சொல்லும்படி உங்களை எவரும் கட்டாயப்படுத்த முடியாது. மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். துணையிடம் எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்று தயக்கமிருந்தால் ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரிடம் பேசுங்கள். அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில், அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த அதே அளவு இடத்தில், 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 3, 8, 9, 10ஆம் பிரிவுகளைத் தமிழில் அச்சிடுங்கள். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும், கட்டணமில்லா உதவி எண் 1097 என்பதையும் அதற்குக் கீழே பெரிய எழுத்தில் போடுங்கள்.